பழைய வேகக் கார்: சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கும் முன்

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை எந்தக் காரும் ஊர்ந்துதான் போகும். தேக்கா சந்திப்பைத் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். அந்த வரிசையில் நீல நிற சுபாரு ஒன்று, பானெட்டில் காற்று உள்வாங்கும் திறப்போடு உறுமிக்கொண்டு நின்றால், நடைபாதையில் போகும் இளையர்கள் ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பார்கள். நான்கு கதவுகள், ஐந்து பேருக்கு இடம், ஒரு வார மளிகைச் சாமான் வைக்கப் போதுமான பூட். வீட்டுக்கும் ஆகும், ஆசைக்கும் ஆகும் என்று குடும்பத்தாரைச் சம்மதிக்க வைக்க இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது கடினம்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், அதன் அண்ணன் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், எஃப்டி2 என்று ரசிகர்கள் அழைக்கும் ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஆகியவை இந்த வகையில் இங்கு அதிகம் பேசப்படுபவை. ஐரோப்பியப் பக்கம் போனால் பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் சி63. இவற்றில் பலவற்றின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. எஃப்டி2 2010ஆம் ஆண்டோடு முடிந்தது. லான்சர் எவலூஷன் 2016இல் நின்றது. எஸ்டிஐ செடானின் கடைசித் தலைமுறை 2021இல் விடைபெற்றது. ஆகவே, இவற்றில் ஆசை வைத்தவருக்குப் பழைய கார்ச் சந்தையை விட்டால் வேறு வழியில்லை.

அந்தச் சந்தையில்தான் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற நாடுகளில் பழைய காரின் விலை பெரும்பாலும் அதன் இயந்திரத்துக்கும் இரும்புக்கும் தரும் விலை. இங்கு அந்த விலையின் பெரும்பகுதி காகிதத்துக்குப் போகிறது. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், பதிவை நீக்கினால் அரசாங்கத்திடமிருந்து எவ்வளவு திரும்ப வரும் என்ற இரண்டு எண்களே விலையை நிர்ணயிக்கின்றன. ஒரே மாதத்தில் பதிவான இரண்டு எஸ்டிஐ கார்களில் ஒன்றின் இயந்திரம் நலமாகவும் மற்றொன்றின் பிஸ்டன் விரிசல் விட்டும் இருக்கலாம். விளம்பரத்தில் இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

காகிதத்தின் கணக்கு

வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990 மே மாதம் தொடங்கியது. சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பெட்ரோல் கார்களில் இயந்திரக் கொள்ளளவு 1,600 சிசியைத் தாண்டினாலோ, திறன் 97 கிலோவாட்டை, அதாவது 130 குதிரைத்திறனைத் தாண்டினாலோ அது ‘பி’ பிரிவு. மேலே சொன்ன எல்லாக் கார்களும் அங்கேதான் வரும். அந்தப் பிரிவின் கட்டணம் 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 30,000 வெள்ளியை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. கார் எந்தக் காலத்தில் பதிவானது, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பது விலைப்பட்டியலில் ஏன் இவ்வளவு பேசுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

பத்து ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் காரைக் கழித்துக்கட்டலாம், அல்லது கடந்த மூன்று மாதங்களின் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த கார் அதற்குப் பிறகு ஓடாது. மறுபடி நீட்டிக்க வழியில்லை. விளம்பரத்தில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், ஐந்தா, பத்தா என்று முதலில் கேட்க வேண்டும்.

புதுப்பித்த கார்களில் இன்னொன்றும் உண்டு. பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு உரிமையாளருக்குத் திரும்பக் கிடைக்கும். புதுப்பித்த கணமே அந்த உரிமை போய்விடும். எஃப்டி2 போன்ற கார்கள் இன்று சாலையில் இருந்தால் அவை புதுப்பிக்கப்பட்டவையே. கூடுதல் பதிவுக் கட்டணத்தில் திரும்ப வரும் தொகை என்று அவற்றில் எதுவும் இல்லை. பத்து வயதுக்குக் குறைந்த கார்களுக்கும் எல்லாருக்கும் ஒரே விதி கிடையாது. 2023 பிப்ரவரியில் இந்தத் தொகைக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. கார் பதிவான காலத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். விற்பவர் வாயால் சொல்லும் தொகையை எழுதிக்கொள்ளாமல், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் அந்தக் காருக்கான எண்ணை அவர் திறந்து காட்டச் சொல்வது நல்லது.

இதை மாதச் செலவாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: கார் விலை 84,000 வெள்ளி, நான்கு ஆண்டு மிச்சம், கடைசியில் 12,000 வெள்ளி திரும்ப வரும். அப்படியானால் 72,000 வெள்ளி நான்கு ஆண்டில் கரைகிறது. ஆண்டுக்கு 18,000, மாதத்துக்கு 1,500 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, கார் நிறுத்தக் கட்டணம், டயர் எதுவும் இதில் சேரவில்லை. வேகக் காருக்கு இவை எல்லாமே சாதாரணக் காரைவிடக் கூடுதல்.

சாலை வரியில் பலர் ஏமாறுவது இயந்திரக் கொள்ளளவை மறந்துவிடுவதால். 2,000 சிசி டபிள்யூஆர்எக்ஸ் அல்லது எவலூஷனுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,210 வெள்ளி. 2,457 சிசி எஸ்டிஐக்குச் சுமார் 1,750. பழைய தலைமுறை சி63இன் இயந்திரம் 6,208 சிசி. ஆண்டு வரி கிட்டத்தட்ட 7,400 வெள்ளி. கார் பத்து வயதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் 10 விழுக்காடு கூடி, 50 விழுக்காடு வரை மிகைவரி ஏறும். அந்த சி63 பதினான்கு வயதைக் கடந்தால் வரி மட்டுமே 11,000 வெள்ளிக்கு மேல். பழைய சி63 ஒன்று ‘மலிவாக’ விளம்பரத்தில் தென்பட்டால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடனுக்கும் எல்லை உண்டு. நாணய வாரியத்தின் விதிப்படி, காரின் திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் வாங்கலாம். அதற்குள் இருந்தால் 70 விழுக்காடு. தவணைக்காலம் ஏழு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. வேகச் செடான்களில் பெரும்பாலானவை முதல் வகையில் வரும். 80,000 வெள்ளிக் காருக்கு 32,000 வெள்ளி கையில் இருக்க வேண்டும் என்று பொருள். சேமிப்பு முழுவதையும் அந்த 32,000த்தில் போட்டுவிட்டு, முதல் மாதத்திலேயே இயந்திரம் திறக்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கையெழுத்திடும் முன்பே பதில் இருக்க வேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம், ஆனால் வாங்கிய பிறகு தெரிந்தால் வேடிக்கையாகிவிடும். எஃப்டி2, எஸ்டிஐ போன்றவை கையால் கியர் மாற்றும் கார்கள். தானியங்கி கார்களுக்கான மூன்றாம் வகுப்பு ‘ஏ’ உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இவற்றை ஓட்ட முடியாது. வாங்கும் தம்பிக்குச் சரியான உரிமம் இருந்தாலும், வீட்டில் அக்காவுக்கோ மனைவிக்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குதிரை போன பாதையில்

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலால். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. 1999இல் அங்கிருந்து கிராஞ்சிக்குப் போனது. குதிரைகள் காலி செய்த புக்கிட் தீமா இடம் டர்ஃப் சிட்டி என்ற பெயரில் பழைய கார் வணிகர்களின் கோட்டையாயிற்று. இப்போது அதுவும் பழைய கதை. கிராஞ்சிப் பக்கம் கேரோஸ் சென்டர், யூபியில் ஆட்டோமொபைல் மெகாமார்ட், காக்கி புக்கிட், சின் மிங் என்று கார் பார்க்கப் போகிறவர்கள் இன்று அலைய வேண்டிய இடங்கள் வேறு.

அங்கு போகும்போது, எதிரில் நிற்பவர் காரின் சொந்தக்காரரா, விற்பவரா, இடைத்தரகரா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடையில் நிற்கும் எல்லாக் காரும் கடைக்காரருடையது அல்ல. தனிநபர் ஒருவர் தம் காரைக் கடையில் நிறுத்தி விற்றுத் தரச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் ஒப்பந்தம் அந்தத் தனிநபரோடுதான். பின்னால் சொல்லப்படும் சட்டப் பாதுகாப்பு கிடைக்குமா என்பது இந்த ஒரு விவரத்தில் தொங்குகிறது. ஒப்பந்தத் தாளில் விற்பவர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

குளிர்ந்த இயந்திரத்திடம் கேளுங்கள்

இனிதான் முக்கிய வேலை. கார் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, இயந்திரத்தை இயக்காமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், யாரோ எதையோ மறைக்கச் சூடுபடுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பதில் தவறில்லை. நேரடி உரிமையாளர் என்றால் காலை வேளையில் அவருடைய புளோக்கின் கார் நிறுத்துமிடத்திலேயே பார்ப்பது சிறப்பு. இரவெல்லாம் நின்ற கார் பொய் சொல்லாது. அது நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

இயக்கியதும் வரும் முதல் சில நொடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து கட்டை தட்டுவதுபோல் வரும் ஒலி, சூடானபின் மறையாமல் வேகத்தோடு சேர்ந்து கூடினால், தாங்கிகள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அறிகுறி. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. காலையில் சற்று நேரம் வரும் நீராவிக்குப் பயப்படத் தேவையில்லை.

ஒவ்வொரு காருக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. எஸ்டிஐயின் 2.5 லிட்டர் இயந்திரத்தில் பேர்போனது பிஸ்டனில் வளையம் அமரும் விளிம்பு உடைவது. டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓட்டிய கார்களில் இந்த ஆபத்து அதிகம். உடைந்தாலும் கார் ஓடும், உறுமும், சோதனை ஓட்டத்தில் சிலருக்குத் தெரியவும் தெரியாது. கண்டுபிடிக்க வழி, நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தச் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்வதுதான். நான்கிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேசுவதில் பயனில்லை.

அதே எஸ்டிஐயிலும், ஒன்பதாம் தலைமுறை வரையிலான லான்சர் எவலூஷனிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. சுமார் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டிய பொருள் அது. அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அதன்பிறகு இயந்திரம் என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. மாற்றியாயிற்று என்றால் ரசீது எங்கே என்று கேட்க வேண்டும். பத்தாம் தலைமுறை எவலூஷனிலும், 2014க்குப் பின் வந்த டபிள்யூஆர்எக்ஸிலும், எஃப்டி2விலும் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அந்தக் கவலை குறைவு. ஆனால் பத்தாம் எவலூஷனின் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி அடிக்கடி எண்ணெய் மாற்றம் கேட்பது. நான்கு சக்கர இயக்கத்துக்கு அழுத்தம் தரும் பம்ப் பின்சக்கரத்தின் அருகே மழைநீரும் சேறும் படும் இடத்தில் இருப்பதால் துருப்பிடித்துப் பழுதாகும். டேஷ்போர்டில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, அல்லது எரியவே வேண்டிய நேரத்திலும் எரியாமல் யாராவது துண்டித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைவதே சரி.

எஃப்டி2 இயந்திரம் எட்டாயிரம் சுழற்சிக்கு மேல் பாடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் குறை சொல்ல அதிகமில்லை. கியரை மேலிருந்து கீழே மாற்றும்போது கரகரப்பு வருகிறதா என்று மட்டும் உற்றுக் கேட்க வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3இன் எட்டு சிலிண்டர் இயந்திரத்தில் இணைப்புத் தண்டின் தாங்கிகள் தேய்வது உலகறிந்த குறை. அவற்றை முன்கூட்டியே மாற்றியிருந்தால் அது காருக்கு நல்ல பெயர். மாற்றாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். சி63இன் தொடக்கக் காலக் கார்களில் சிலிண்டர் தலையைப் பிடிக்கும் திருகாணிகள் உடையும் சிக்கல் இருந்தது. இவற்றைச் சரிபார்க்கும் அனுபவம் தெருமுனைப் பணிமனைக்கு இருக்காது. அந்தந்த வண்டியையே பார்க்கும் பணிமனைக்குத்தான் போக வேண்டும்.

நான்கு சக்கரமும் இயங்கும் கார்களில் டயர் ஒரு தனிக் கதை. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழசு என்றால் நடு டிஃபரன்ஷியல் தேவையில்லாமல் உழைத்துச் சேதமாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். நல்ல டயருக்குக்கூடக் காசு செலவழிக்காத உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க்குச் செலவழித்திருப்பாரா?

சோதனை ஓட்டம் என்றால் புளோக்கைச் சுற்றி வருவதல்ல. காக்கி புக்கிட்டிலோ யூபியிலோ கார் பார்த்தால் தீவு விரைவுச்சாலையில் ஏறிச் சில வெளியேறும் வழிகள் தாண்டி வர வேண்டும். விரைவுச்சாலையிலும் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே தெரிய வேண்டியது தெரியும். உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து முடுக்கும்போது சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் வட்டுகள் வளைந்துள்ளன. நெரிசலில் நிற்கும்போது வெப்பமானி ஏறக்கூடாது. திரும்பி வந்து இயந்திரத்தை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டும் முன் அந்தக் காருக்குச் சோதனை ஓட்டத்தில் காப்புறுதி யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கையடக்கப் பழுதறியும் கருவி ஒன்றைக் காரின் கணினியில் செருகினால் பழைய பழுதுக் குறியீடுகள் தெரியும். குறியீடு எதுவும் இல்லை என்பதே நல்ல செய்தி என்று நினைத்துவிடக்கூடாது. கணினி தன் சுயபரிசோதனைகளை முடிக்கவில்லை என்று காட்டினால், நேற்றோ முன்தினமோ யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள்.

விபத்தில் சிக்கிய காரைக் கண்டுபிடிக்கப் பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் கருவி உதவும். கருவி இல்லாவிட்டாலும் கதவு இடுக்குகளின் அகலம், பானெட் திருகாணிகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு, பூட் விரிப்புக்கு அடியில் தகரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓடிய தூரம் 60,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்ல, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்து, பெடல் ரப்பர் வழவழவென்று இருந்தால் எது உண்மை என்று புரியும். பராமரிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் எழுதிய தூரம் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். ஜோகூர் பாருவில் பராமரித்தேன், ரசீது இல்லை என்பது அடிக்கடி கேட்கும் பதில். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ரசீது இல்லாத பராமரிப்புக்கு விலை தர வேண்டியதில்லை.

விகாம், எஸ்டிஏ, ஆட்டோமொபைல் சங்கம் போன்றவை பழைய கார்களை மதிப்பிட்டு அறிக்கை தருகின்றன. செலவு சில நூறு வெள்ளிக்குள் முடியும். காரின் வழக்கமான கட்டாயப் பரிசோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பரிசோதனை பாதுகாப்பையும் புகையையும் பார்ப்பது. சிலிண்டர் அழுத்தத்தை அது அளப்பதில்லை. போன மாதம்தான் பரிசோதனையில் தேறியது என்று விற்பவர் சொன்னால், அது உண்மை, ஆனால் போதாது.

முந்தையவரின் ஆசைகள்

வேகக் காரை வாங்குபவர் பெரும்பாலும் அதை அப்படியே விடுவதில்லை. எக்ஸாஸ்ட் மாற்றுவார், காற்று வடிகட்டி மாற்றுவார், கணினியைத் திருத்தி டர்போ அழுத்தத்தைக் கூட்டுவார். விளம்பரத்தில் இவற்றைப் பெருமையாகப் பட்டியலிடுவார்கள். வாங்குபவர் அதைச் செலவுப் பட்டியலாகப் படிக்க வேண்டும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் சில மாற்றங்களைத் தடையின்றி அனுமதிக்கிறது. சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். சிலவற்றை அறவே அனுமதிப்பதில்லை. எக்ஸாஸ்ட் மாற்றம் அனுமதி தேவைப்படும் வகை. கண்ணாடியில் ஒட்டும் படலத்துக்கும் அளவு உண்டு: முன் கண்ணாடியிலும் முன்பக்க ஜன்னல்களிலும் 70 விழுக்காடு, பின்புறத்தில் 25 விழுக்காடு ஒளியாவது உள்ளே வர வேண்டும். சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை விதிக்கப்படலாம். மாற்றியது முந்தைய உரிமையாளர்தான் என்று சாலையோரத்தில் அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. கார் இப்போது யார் பெயரிலோ, கேள்வி அவரிடம்தான்.

ஆகவே, மாற்றப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதத்தைக் கேட்க வேண்டும். கழற்றிய மூலப் பாகங்கள், குறிப்பாக எக்ஸாஸ்டும் அதோடு சேர்ந்த புகை வடிகட்டியும், கையில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். அடுத்த பரிசோதனையின்போது அவை இல்லாமல் தேடி அலைவது பெரும்பாடு. தயாரிப்பு நின்ற கார்களுக்கு இன்னும் மோசம். காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். இளம் ஓட்டுநர், அனுபவம் குறைந்த ஓட்டுநர் என்றால் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும் கூடும். காரைப் பார்க்கும் முன்பே அந்த மாடலுக்குக் காப்புறுதி விலை கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சில நிறுவனங்கள் இத்தகைய கார்களை ஏற்பதே இல்லை.

எந்த மாற்றமும் செய்யாத, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக விடப்பட்ட டபிள்யூஆர்எக்ஸ் ஒன்று கண்ணில் பட்டால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எலுமிச்சை இரண்டு

புதுக் கார் வாங்கியதும் வீரமாகாளியம்மன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பது நம்மவர் வழக்கம். பழைய காருக்கும் அதே மரியாதைதான். ஆங்கிலத்தில் எலுமிச்சை என்றால் வாங்கியதும் பழுதாகும் கார் என்றொரு பொருள் இருப்பது ஒரு வேடிக்கை. அந்தப் பொருளில்தான் 2012 செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளை ‘லெமன்’ சட்டம் என்கிறார்கள்.

அது பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், அது வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் எல்லைகளும் உண்டு. வழக்கமான தேய்மானம் இதில் வராது. விற்கும்போதே சொல்லி, வாங்குபவர் ஒப்புக்கொண்ட குறை வராது. பன்னிரண்டு வயதுக் காரிடம் புதுக் காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. மிக முக்கியமாக, தனிநபர் மற்றொரு தனிநபருக்கு விற்பதற்கு இது பொருந்தாது. ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று முன்பே பார்க்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸுக்கு ஆண்டுதோறும் அதிகப் புகார்கள் வரும் துறைகளில் மோட்டார் வாகனத் துறையும் ஒன்று. வாகன வணிகர் சங்கத்தோடு சேர்ந்து அது வழங்கும் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற கடைகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு பாதுகாப்பு. முன்பணத்தைக் குறைவாகக் கொடுப்பதும், மதிப்பீட்டு அறிக்கையிலோ கடன் ஒப்புதலிலோ சிக்கல் வந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குவதும் இன்னொன்று. விளம்பர விலை எங்கள் வழியாகக் கடன் எடுத்தால் மட்டும் என்று கடைசி நேரத்தில் சொல்லும் கடைகள் உண்டு. நிர்வாகக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி சேர்க்கும் கடைகளும் உண்டு. மொத்தத் தொகை ஒரே தாளில் வரும்வரை கையெழுத்து வேண்டாம். தகராறு முற்றினால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கு வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். இயந்திரம் ஒன்றைப் புதுப்பிக்கும் செலவு அந்த வரம்புக்குள் வரக்கூடியதே.

பெயர் மாறும் நாள்

பெயர் மாற்றம் இன்று இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. இரு தரப்பும் சிங்பாஸ் வழியாக உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன்பே புதியவர் பெயரில் காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும். விற்பவருக்கு நிதி நிறுவனத்தில் கடன் பாக்கி இருந்தால், அது தீர்ந்ததற்கான கடிதத்தைப் பார்த்த பிறகே முழுத் தொகையைக் கொடுப்பது முறை. காரின் விவரப் பக்கத்தில் இதுவரை எத்தனை முறை கைமாறியது என்ற எண் இருக்கும். சில ஆண்டுகளில் ஐந்தாறு கை மாறிய வேகக் கார் என்றால், ஒவ்வொருவரும் ஏன் விட்டார்கள் என்று கேட்காமல் இருக்கக்கூடாது. சேஸி எண்ணும் இயந்திர எண்ணும் பதிவில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று காரிலேயே பார்க்க வேண்டும். வேகக் கார்களில் இயந்திரம் மாற்றப்படுவது அபூர்வமல்ல.

புதிய மின்னியல் சாலைக் கட்டணக் கருவி பொருத்தியாயிற்றா, சாவிகள் இரண்டும் இருக்கின்றனவா, பராமரிப்புப் புத்தகமும் கழற்றிய மூலப் பாகங்களும் பூட்டில் ஏறியாயிற்றா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். எண்ணெய், குளிர்நீர், கியர் எண்ணெய், பிரேக் திரவம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றுவதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால் நல்லது.

ஜோகூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விஇபி வில்லை பழைய உரிமையாளர் பெயரில் பதிவாகியிருக்கும். அவர் அதை நீக்கினால்தான் புதியவர் தம் பெயரில் பதிய முடியும். பணம் கைமாறிய பிறகு அவரைத் தொலைபேசியில் பிடிப்பது சிரமம். எல்லை தாண்டும்போது எரிபொருள் கலனில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி இந்தக் கார்களுக்கும் உண்டு. மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவெண் கார்களுக்கு ரான் 95 பெட்ரோல் நிரப்ப அனுமதியில்லை. டர்போ எஸ்டிஐக்கு எப்படியும் அது ஒத்துக்கொள்ளாது.